ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாமே!

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்பது நம் வீட்டுச் சமையலறைகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. ஆனால் இது அடுப்பில் கொதிக்கும் குழம்புக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. கதைக்கும், திரைப்படத்துக்கும், இன்னும் கடைக்கு வராத புத்தகத்துக்கும் இது பொருந்தும். உரிய நாளுக்கு முன்பே ஒன்றின் உள்ளே இருப்பது வெளியே கசிந்துவிட்டால், அதைக் காசு கொடுத்து வாங்கும் ஆவல் குறையுமா, கூடுமா? தோழியரே, இது எனக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று. என் உண்டியல் பணத்தைப் பற்றிய கேள்வியாகவும் வந்து நின்றது. ஆகவே இதைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தேன்.

படம் பார்ப்பதற்கு முன் அதைப் பற்றிய புத்தகத்தை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் நம் நாட்டில் முன்பே இருந்தது. அதற்குப் பாட்டுப் புத்தகம் என்று பெயர். மெல்லிய தாளில் அச்சிட்டு, தியேட்டர் வாசலில் சில காசுகளுக்கு விற்பார்களாம். அதில் பாடல்கள் முழுவதும் இருக்கும். நடிகர்களின் பெயர்கள் இருக்கும். கதைச் சுருக்கமும் இருக்கும். ஆனால் கதை சரியான இடத்தில் வந்து நின்றுவிடும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்ற வரியோடு புத்தகம் முடிந்துவிடும்!

எங்கள் ஆயா தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் படம் பார்த்த காலத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். அந்தத் தியேட்டர் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. "கதையைப் படித்துவிட்டுப் படம் பார்த்தால் சுவை போய்விடாதா, ஆயா?" என்று ஒரு நாள் கேட்டேன். "கத தெரிஞ்சா இன்னாடி? அழுவுறதுக்குக் கண்ணு இல்லாமயா பூடும்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

பாட்டுப் புத்தகம் என்பது கதைக்கு உரியவரே மனம் ஒப்பிக் கொஞ்சம் திறந்து காட்டிய கதவு. கசிவு என்பதோ பூட்டை உடைப்பது போன்றது. பூட்டு உடைந்தபோதும் ஆவல் குன்றாத நிகழ்ச்சிகள் உண்டு. 2007-ஆம் ஆண்டு ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது, கடைசிப் புத்தகம் ஜூலை 21 அன்று வெளிவர இருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே யாரோ அதன் பக்கங்களைப் புகைப்படம் எடுத்து இணையத்தில் பரப்பிவிட்டார்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று மக்கள் வாங்காமல் இருந்தார்களா? அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன!

நம் அண்டை மாநிலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. 2013 செப்டம்பரில் 'அத்தாரிண்டிகி தாரேதி' என்ற தெலுங்குப் படத்தின் பெரும்பகுதி, படம் வெளியாகும் முன்பே இணையத்தில் வந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் தேதியை முன்னுக்குத் தள்ளி, செப்டம்பர் 27 அன்றே படத்தை வெளியிட்டார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது.

இனி, என் உண்டியலுக்கு வருகிறேன். அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்க வேண்டுமென்று நான் சேர்த்து வைத்தது 640 ரூபாய். மணலியில் ஒப்பந்த வேலையை நம்பி நடக்கும் குடும்பங்களில் அது சிறிய தொகையன்று. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் அந்நாவல் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாக வந்தது. படத்தைப் பார்த்து வந்த என் மாமா மகள், யார் இறக்கிறார், எங்கே, எப்படி என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "கதைதான் தெரிஞ்சு போச்சே, அந்தப் பணத்துல தங்கச்சிக்கு ஸ்கூல் பை வாங்கலாமே" என்றார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கையின் பையில் ஊக்கு குத்தித்தான் புத்தகங்கள் நின்றன.

அன்றிரவு எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இந்தக் கதை கசிந்தது இப்போதுதானா? 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த கதை இது. 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் எத்தனையோ பதிப்பகங்கள் வெளியிட்டுவிட்டன. அதற்கும் முன்னால், காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசன் ஆட்சியின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. ஓர் இளவரசரைக் கொன்ற துரோகிகளின் பெயர்களும், அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் கசிந்துவிட்ட கதை! கல்கி அதை அறிந்தேதான் பேனாவை எடுத்தார். வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கதை தெரிந்தே தியேட்டரை நிறைத்தார்கள்.

இறுதியில் உண்டியல் பணத்தைப் பங்கிட்டோம். தங்கைக்குப் பை வந்தது. மீதிக்கு நந்தனம் புத்தகக் காட்சியில் முதற் பாகம் மட்டும் வாங்கினேன். மற்றப் பாகங்களைக் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போதே எனக்கு முடிவு தெரியும். ஆயினும் ஒரு புதுமையைக் கண்டேன். இறக்கப் போகிறவர் சிரித்துப் பேசும் பக்கங்களில் என் மனம் கனத்தது. முடிவு அறியாதவளாக இருந்தால் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருப்பேன். ஆயா சொன்னது உண்மைதான். அழக் கண் இருக்கிறது.

அப்படியானால் கசிவினால் தீங்கே இல்லையா? உண்டு. உள்ளே சேதி மட்டுமே இருந்தால், சேதி தெரிந்தவுடன் அதன் விலை போய்விடும். நேற்றைய நாளிதழைப் போல! முன்னோட்டமாக வரும் புத்தகத்துக்கு இந்த ஆபத்து அதிகம். முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் ஆவலை நம்பித்தான் அதை அச்சிடுகிறார்கள். பாட்டுப் புத்தகமே இதற்குச் சாட்சி. பாட்டும் கதையும் வேறு வழிகளில் வீட்டுக்கே வரத் தொடங்கியபின் அதை வாங்க ஆள் இல்லை. இன்று அதைத் தேடி வாங்குகிறவர்கள், சேதிக்காக அல்ல, அந்தத் தாளுக்காகவும் படத்துக்காகவும் நினைவுக்காகவும் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கசிந்த பின்னும் விற்றது என்பதால் கசியவிட்டவர் செய்தது சரியாகிவிடாது. 83 லட்சம் பிரதிகள் விற்றது அந்த எழுத்தாளரின் புகழால். சிறிய பதிப்பகமோ புதிய எழுத்தாளரோ அந்த அடியைத் தாங்குவார்களா? திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் என்று 2023-இல் நம் நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது இதனால்தான்.

ஆகவே தோழியரே, என் முடிவு இது. நல்ல புத்தகத்தைக் கசிவு கொல்லாது. சேதியை மட்டும் நம்பிய புத்தகத்தைக் கொன்றுவிடும். வாங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: "முடிவு தெரிந்தபின்னும் இதை இன்னொரு முறை திறப்பேனா?" ஆம் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

அந்த இளவரசரின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதைப் படிப்பவர்களில் இன்னும் அந்நாவலைத் திறக்காத தங்கைகள் இருப்பார்கள். அவர்கள் தாமாகவே அந்தப் பக்கத்துக்கு வந்து சேரட்டும்.