முட்கள் முளைக்கும் இல்லம்

குருமடத்தில் பயின்ற ஆண்டுகளில், குருக்கள் கூடி வாழும் இல்லத்தைப் பற்றி எனக்கு ஒரு கற்பனை இருந்தது. ஒரே பலிபீடம், ஒரே மேசை, ஒரே செபம். இவற்றுக்கிடையே மனக்கசப்பு எங்கிருந்து வரும் என்று எண்ணியிருந்தேன். குருப்பட்டம் பெற்று இரண்டாண்டுகள் கழிந்தபின், 2002 ஆம் ஆண்டில், பெரிய பங்கு ஒன்றுக்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டேன். அங்கே அந்தக் கற்பனை கலைந்தது. அவ்வில்லத்தில் நாங்கள் மூவர்: வயதில் மூத்த பங்குக் குரு, மற்றோர் உதவிக் குரு, நான். கிளைக் கிராமங்கள் பதினொன்று. உதவிக் குருக்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மோட்டார் சைக்கிள்.

ஐப்பசி மாதத்து இரவொன்றில் ஒரு வாலிபன் கதவைத் தட்டினான். "சாமி, அப்பாவுக்கு அவஸ்தை குடுக்கணும், சீக்கிரம் வாங்க" என்றான். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஊருக்கு இரண்டு மைல் இருக்கையில் வண்டி நின்றுவிட்டது. ரிசர்வுக்குத் திருப்பினேன், அதிலும் பெட்ரோல் இல்லை. வண்டியைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு இருவரும் சேற்றில் ஓடினோம். நாங்கள் போய்ச் சேருமுன் அந்த முதியவர் கண்ணை மூடிவிட்டார்.

அவ்வீட்டார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தவறு அங்கேதான் தொடங்கியது. யாரும் கேளாதிருக்க நானாகவே, "வண்டியை வெறும் டாங்கோடு வைத்துவிட்டுப் போனவர் அந்தச் சாமி. இதற்கு அவர்தான் பொறுப்பு" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். பிணம் கிடக்கும் வீட்டில் ஒரு குருவின் வாயிலிருந்து வரத்தக்க சொல்லா அது? எட்டு நாளைக்குள் அது எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றுமுதல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்த விதவைத் தாய் வந்தார். இரண்டு சாமிமாரும் சேர்ந்தே பூசை வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சேர்ந்தே நிறைவேற்றினோம். சமாதானம் அறிவிக்கும் வேளையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கையை மட்டும் நீட்டினோம். முன்வரிசையிலிருந்த அத்தாய் அதைக் கண்டிருப்பார் என்று இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாதங்கள் சென்றன. மேசையில் எனக்குக் குழம்பு வேண்டுமானால் சமையல் செய்யும் அம்மாளிடம் சொல்வேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்து பாத்திரத்தை எடுத்து இந்தப் பக்கம் வைப்பார். பங்குக் குருவுக்கு எல்லாம் தெரியும். தானே ஆறிவிடும் என்று விட்டுவிட்டார். தானே ஆறும் காயங்கள் உண்டு. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

மறு ஆண்டு பாஸ்கா முடிந்தபின் சில நாள் தனித்திருக்க விரும்பி, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனத்துக்குச் சென்றேன். பிரெஞ்சு நாட்டுக் குருவான மோன்சானின் அடிகளும், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அபிஷிக்தானந்தரும் 1950 இல் தொடங்கிய ஆசிரமம் அது. இருவரும் ஒரே கனவைக் கண்டவர்கள், மனப்போக்கோ வேறு. அபிஷிக்தானந்தரின் உள்ளம் திருவண்ணாமலைக் குகைகளின் மௌனத்தை நாடியது. மோன்சானினுக்கு அதில் தயக்கங்கள் இருந்தன. எதிர்பார்த்தபடி துறவியரும் வந்து சேரவில்லை. 1957 இல் மோன்சானின் பாரிஸில் இறந்தார். 1968 இல் பீட் கிரிஃபித்ஸ் அடிகளிடம் ஆசிரமத்தை ஒப்படைத்துவிட்டு அபிஷிக்தானந்தர் இமயமலைப் பக்கம் போய்விட்டார். இத்தகைய மாமனிதர்களுக்கே ஒரு வேலிக்குள் கூடி வாழ்வது எளிதாயிருக்கவில்லை என்று அறிந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அங்கே இருந்த நாட்களில் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலை முழுமையாகப் படித்தேன். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் மடத்துத் துறவிகளுக்காக அவர் எழுதிய 73 சிறு அதிகாரங்கள். குருமடத்தில் தேர்வுக்காகப் புரட்டிய நூல்தான். அப்போது கண்ணில் படாத ஒன்று 13 ஆம் அதிகாரத்தில் இருந்தது. காலைப் புகழிலும் மாலைப் புகழிலும் தலைவர் பரலோக மந்திரத்தை முழுவதும் எல்லார் செவியிலும் விழும்படி சொல்லவேண்டும் என்கிறார் புனிதர். ஏன்? கூடி வாழ்வோரிடையே பிணக்கு என்னும் முட்கள் முளைப்பது வழக்கமாம். பிறரை மன்னிக்கிறோம் என்று வாயால் வாக்குக் கொடுத்தவர்கள் அந்த முள்ளைத் தம்மிடமிருந்து களையவேண்டுமாம்.

முட்கள் முளைக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. முளைக்கும் என்றே வைத்துக்கொண்டு, நாளுக்கு இருமுறை களையெடுக்க ஏற்பாடு செய்கிறார். குடும்பஸ்தர்களாகிய நீங்கள் இதில் என்ன புதுமை என்பீர்கள். உங்களுக்குள் இரத்த பந்தமாவது உண்டு. அண்ணன் தம்பி எவ்வளவு பகைத்தாலும் ஒரு கல்யாணத்திலோ சாவிலோ கூடித்தான் ஆகவேண்டும். தாமாக விரும்பி ஒரே வீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவேதான் அவர்களுக்குக் கையால் செய்யும் ஒழுங்குகள் வேண்டியிருக்கின்றன. மடத்தில் எல்லாரும் முறைவைத்துச் சமையற்கட்டில் பணிசெய்ய வேண்டும். சனிக்கிழமையன்று வாரம் முடித்தவரும் வாரம் தொடங்குபவரும் சகோதரர் அனைவரின் பாதங்களையும் கழுவவேண்டும். பண்டகசாலைக்காரர், கேட்டவருக்குக் கொடுக்கப் பொருளில்லையேல் நல்ல வார்த்தையாவது கொடுக்கவேண்டும். எதையேனும் உடைத்தவரோ தொலைத்தவரோ அவராகவே உடனே வந்து சொல்லவேண்டும். பிறர் வாயிலாகத் தெரியவந்தால் தண்டனை அதிகம்.

இந்தக் கடைசி ஒழுங்கு எனக்கு அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை. என் கண்முன் நின்றது நான் செய்த தவறு. பலர் முன் சொன்ன பழியைத் தனியறையில் மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது. இல்லம் திரும்பிய அன்று மாலையே அவர் அறைக்குச் சென்றேன். "ஃபாதர், அந்த வீட்டுக்கு என்னோடு வருவீர்களா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அந்தத் தாயின் திண்ணையில் அவர் மகன்களின் முன்னிலையில், அன்று நான் சொன்னது முறையன்று என்றேன். மேலும் பேசுமுன் என் தோழர் குறுக்கிட்டார். "பெட்ரோல் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல மறந்துவிடவில்லை, பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றார். நான் திகைத்துப்போனேன். எங்கள் பங்குக் குரு நல்லவர். ஆனால் கணக்கில் கடுமையானவர். மாதந்தோறும் பெட்ரோல் செலவை மேசையில் வைத்தே உரக்கப் படிப்பார். யார் எங்கே போனது என்று கேட்டுவிட்டு ஏளனமாக ஒரு வார்த்தையும் சேர்ப்பார். அந்த வாரம் என் தோழர் தம் நண்பர் ஒருவரைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். பாதிக் குற்றம் அவருடையது. பாதி, குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாதிருந்த எங்கள் மேசையுடையது. அந்த மேசையில் மற்றவர் ஏளனத்துக்கு ஆளானபோது நானும் சிரித்திருக்கிறேன்.

அத்தாய் எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களே, சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பின் நாங்கள் உயிர் நண்பர்கள் ஆனோம் என்று எழுதினால் பொய்யாகும். சாவி மாட்டும் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். வண்டியை எடுத்தவர் போன இடத்தையும் மீதமுள்ள பெட்ரோலையும் எழுதவேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தால் சகோதர அன்பு வளருமா என்று சிரிக்காதீர்கள். ஞாயிறு இரவு சமையல் அம்மாளுக்கு விடுமுறை கொடுத்தோம். அவர் தட்டுகளைக் கழுவ, நான் துடைத்து அடுக்குவேன். கைகள் வேலையிலிருக்கும்போது பேச்சு எளிதில் வருகிறது. பங்குக் குருவிடம் கணக்கைத் தம் அறையில் பார்க்குமாறு இருவருமாகச் சேர்ந்து கேட்டோம். முதலில் கோபித்தார், மறு மாதம் அப்படியே செய்தார்.

இப்போது நான் மூவர் வாழும் இல்லமொன்றின் பங்குக் குரு. சென்ற மாதம் இளங்குரு ஒருவர் என்னிடம் வந்து, "ஃபாதர், கோவிலின் ஒலிபெருக்கிக் கருவியைத் தவறாக இணைத்துக் கெடுத்துவிட்டேன்" என்றார். வாங்கி ஆறு மாதமும் ஆகாத கருவி. புனித ஆசீர்வாதப்பரின் நூலைப் பற்றித் தியானப் பிரசங்கங்கள் செய்கிற நான் என் முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டு, "விலை என்ன தெரியுமா?" என்றேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார். அன்று மாலைச் செபத்தில் பரலோக மந்திரத்தை உரக்கச் சொல்லவேண்டியவன் நான். மன்னிப்பைக் கேட்கும் இடம் வந்தபோது குரல் நின்றுவிட்டது. எஞ்சியதை அவர்கள் இருவரும் சொல்லி முடித்தார்கள். இரவு உணவுக்குப்பின் அவர் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனேன்.