கியோட்டோ: கயிறு இழுக்க ஆள் தேவை

சென்னையின் மே மாத வெயிலில் வளர்ந்தவர்களிடம் ஜப்பானின் கோடையைப் பற்றி எச்சரித்தால் சிரிப்பார்கள். கியோட்டோவுக்குக் குடிபோன முதல் ஜூலையிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிடும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது நகரம். மாலையானால் கடற்காற்று வரும் என்று காத்திருக்கக் கடல் கிடையாது. ஜூன் மாதம் தொடங்கும் மழை சாதாரணமாக ஜூலை மூன்றாவது வாரம்வரை இழுக்கும். துவைத்த துணி காயாது. செருப்பில் பூஞ்சை பூக்கும். மழை விட்டதும் சில்வண்டுகள் விடியற்காலையிலேயே கச்சேரியை ஆரம்பித்துவிடும். 2018 ஜூலை 19-ல் வெயில் 39.8 டிகிரியைத் தொட்டது.

பழைய மர வீடுகள் கோடைக்கென்றே கட்டப்பட்டவை. வெயில் காலம் வந்ததும் காகிதக் கதவுகளைக் கழற்றிவிட்டு நாணல் தட்டிகளை மாட்டுவார்கள். தரையில் பிரம்புப் பாய் விரிப்பார்கள். ஆனால் இந்த வீடுகளில் வெளிநாட்டவர் குடியிருப்பது அபூர்வம். வெளிநாட்டவர் என்றாலே வாடகைக்கு விடத் தயங்கும் உரிமையாளர்கள் இன்றும் உண்டு. பெரும்பாலும் கிடைப்பது கான்கிரீட் அறை. அதுவும் மேற்குப் பார்த்ததாக அமைந்துவிட்டால், மாலை நான்கு மணிக்கு அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரிதான்.

தெருவின் சட்டங்களோ எங்கும் எழுதி வைக்கப்படாதவை. காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இங்கும் இருக்கிறது, கோலம்தான் இல்லை. தன் வாசலோடு நிறுத்திக்கொண்டால் ஒட்டாத ஆள். அடுத்த வீட்டு வாசலையும் முழுதாகப் பெருக்கினால் அதிகப்பிரசங்கி. ஒரு அடி மட்டும் தாண்டிப் பெருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

குப்பைக்குச் சட்டம் எழுத்தில் உண்டு. மாநகராட்சியின் மஞ்சள் பையை விலைக்கு வாங்க வேண்டும்; 45 லிட்டர் பை 45 யென். எரிக்கக்கூடிய குப்பையை வாரத்தில் இரண்டு நாள், காலை 8 மணிக்குள், காக்கை கிளறாதபடி வலைக்கடியில் வைக்க வேண்டும். தப்பான நாளில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். திட்டு கிடையாது. 35 டிகிரி வெயிலில் நாறும் மீன்முள்ளே போதும், தெருவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஜூலை முழுவதும் கியோன் திருவிழா. 869-ல் கொள்ளைநோய் விலக வேண்டி நடத்திய சடங்கில் தொடங்கியது. 17-ம் தேதி 23 தேர்கள், 24-ம் தேதி 11. பெரிய தேர் சுமார் 25 மீட்டர் உயரம், 12 டன் எடை. சக்கரம் திரும்பாது. தெருமுனையில் மூங்கில் பட்டைகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, சக்கரத்தை அதன்மேல் ஏற்றிப் பக்கவாட்டில் இழுத்து வழுக்கவிடுகிறார்கள். திருவாரூர் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நேரத்தின் பதற்றம் புரியும்.

தேர்களின் அலங்காரத்தைத்தான் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 17-ம் நூற்றாண்டுத் தக்காணத்துக் கம்பளங்கள், இந்தியச் சீட்டித் துணிகள், ட்ராய் யுத்தக் கதையைச் சித்தரிக்கும் 16-ம் நூற்றாண்டு பெல்ஜியத் திரைச்சீலைகள். வெளிநாட்டுக் கப்பல்களில் வந்து, கியோட்டோ வியாபாரிகளின் பணத்தில் வாங்கப்பட்டவை. இன்று அவை இந்த ஊரின் பொக்கிஷங்கள். மனிதர்கள் விஷயத்தில் ஊர் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஹிகாஷிகுஜோவில் கொரிய வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஜப்பானியக் குடியுரிமை வாங்காதவர்கள், அங்கேயே பிறந்திருந்தாலும் காகிதத்தில் வெளிநாட்டவர்தான்.

ஆனால் தேருக்கு ஆள் வேண்டியிருக்கிறது. தேர்களை வைத்திருக்கும் பேட்டைகளில் வீடுகள் போய் அலுவலகங்களும் அடுக்கு மாடிகளும் வந்துவிட்டன. ஒரு பெரிய தேரை இழுக்க 40, 50 பேராவது வேண்டும். அதனால் தொண்டர்களைச் சேர்க்கிறார்கள். பருத்தி மேலாடையும் வைக்கோல் செருப்புமாகக் கயிற்றைப் பிடித்தவர்களில் வெளிநாட்டு மாணவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் உண்டு. இழுக்கத்தான் அழைப்பு, தேர்மேல் ஏறுவது வேறு விஷயம். முதலில் போகும் நாகினாதா தேரில், ஜப்பானியராகவே இருந்தாலும் பெண்கள் ஏற அனுமதி இல்லை.

நோய் விரட்டப் பிறந்த ஊர்வலத்தை 2020-லும் 2021-லும் ஒரு நோயே நிறுத்தியது. அதற்கு முன்பே, 2018 ஜூலை 24-ல், குழந்தைகளும் கலந்துகொள்ளும் பூக்குடை ஊர்வலம் வெயிலுக்குப் பயந்து ரத்தானது. தேர்கள் மட்டும் அன்று ஓடின.

ஊர்வலம் முடிந்து திரும்பியதும் தேர்களைப் பிரித்துவிடுகிறார்கள். வழியில் சேர்த்துக்கொண்ட பீடை தங்கக்கூடாதாம். கயிறு இழுத்தவர்கள் குளிர்ந்த பார்லி டீயைக் குடித்துவிட்டுக் கலைகிறார்கள். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் தண்ணீர் தெளித்தபடி, "அட்சுயி தெஸ் நே" என்பார். வெயில் ஜாஸ்தி, இல்லையா என்று அர்த்தம். "அட்சுயி தெஸ் நே" என்றே பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 16 இரவு, வந்துபோன முன்னோர்களை வழியனுப்ப ஐந்து மலைகளில் நெருப்பு மூட்டுகிறார்கள். அத்தோடு கோடை முடிந்தது என்பது கணக்கு. ஏசி செப்டம்பர் வரை ஓடுகிறது.