தபசுக்கு மறுநாள் குற்றாலம்

சங்கரன்கோவிலில் ஆடி பிறந்துவிட்டால் பேச்சு இரண்டே இரண்டுதான். ஒன்று கோமதி அம்மன் தபசு. இன்னொன்று குற்றாலத்துச் சீசன். கொடியேறிய நாளிலிருந்தே வெளியூர்ச் சொந்தபந்தம் எல்லாம் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். தபசுக் காட்சி அன்று சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் அம்மன் சப்பரத்தை நோக்கிச் சூறைவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நசுங்கி வீடு திரும்பிய ராத்திரியே ஆச்சி ஆரம்பிப்பாள்: "ஏய்யா, குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம்லா. வந்த பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?" அப்பா சரி என்று தலையாட்டியதும் பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும்.

அந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் காடு. மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். ஆனால் அந்த மலைதான் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக் கேரளத்துப் பக்கமே கொட்ட வைத்துவிடும். எங்களுக்கு வந்து சேர்வது வெறும் காற்றும் புழுதியும்தான். தென்காசிப் பக்கத்தில் ஆரியங்காவுக் கணவாய் ஒன்று மட்டும் வாசல் திறந்ததுபோல் இருப்பதால், அந்த வழியாக மேகம் நுழைந்து சாரலாக விழுகிறது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த தெருப் பிள்ளைகளுக்கு, கேட்பாரில்லாமல் கொட்டும் தண்ணீரைப் பார்ப்பதே பெரிய காட்சி.

போவது ரயிலில். 1980-களில் எங்கள் தடம் மீட்டர் கேஜ். 2004-ல்தான் அகலப் பாதையானது. விசைத்தறிச் சத்தம் பின்னால் தேய, பாம்புக்கோவில் சந்தை தாண்டி, கடையநல்லூர் வரும்போது காற்றின் வாசமே மாறியிருக்கும். வயல்கள் பச்சை கட்டும். முகத்தில் பூந்தூறல் விழுந்ததும், "சாரல் பிடிச்சிட்டு டோய்" என்று ஜன்னலோரப் பிள்ளைகள் கத்துவோம். தென்காசியில் இறங்கினால் காசி விசுவநாதர் கோயில் வாசலில் அப்போது மொட்டைக் கோபுரம். ஒன்பது நிலை ராஜகோபுரம் எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1990-ல். ஆனால் அந்த வாசலில் ஆளையே தள்ளுகிற காற்று அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அங்கிருந்து டவுன் பஸ். குற்றாலத்தில் இறங்கியவுடன் காதில் விழுவது இரைச்சல்தான். கடைத்தெரு தாண்டினால்தான் பேரருவி கண்ணில் படும். உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டு மாமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். முதல் அடி தலையில் விழும்போது மூச்சு நின்று திரும்பும். கண்ணைத் திறக்க முடியாது. தோளிலும் முதுகிலும் தண்ணீர் அறைய அறைய, குளிர் போய் உடம்பில் ஒரு சூடு பரவும். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் நம்மைக் கொல்லாமல் விடுவது எப்படி என்று கேட்டேன். பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது, விழுகிற வேகத்தை அது வாங்கிக்கொண்டு, பொங்கி வழிவதைத்தான் நமக்கு அனுப்புகிறது என்று மாமா சொன்னார். அருவிப் பாறையில் செதுக்கியிருந்த லிங்கங்களையும் அவர்தான் காட்டினார்.

குளித்து ஏறினால் வருகிற பசி வேறு எங்கும் வராது. கட்டிக் கொண்டுவந்த புளியோதரையும் தேங்காய்த் துவையலும் நிமிஷத்தில் காலியாகும். பிறகு பழக்கடை. மங்குஸ்தானை அங்கேதான் முதலில் பார்த்தேன். கடைக்காரர் ஒரு பழத்தைத் திருப்பி, காம்புக்கு நேர் எதிரே அடியில் பூப்போல ஒட்டியிருந்த இதழ்களை எண்ணச் சொன்னார். ஆறு. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தினார். தடித்த கருஞ்சிவப்புத் தோல் பிளந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று ஆறு சுளை. இதழ் எத்தனையோ அத்தனை சுளை என்ற கணக்கு எந்தப் பழத்திலும் தப்பவில்லை.

ஈரத்துணியோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஆச்சி எல்லோரையும் உடை மாற்ற வைப்பாள். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில் நின்று, திருமால் கோயிலாக இருந்ததை அகத்தியர் சிவன் கோயிலாக்கிய புராணத்தைச் சொல்வாள். "நம்ம ஊர்ல ரெண்டு பேரும் ஒரே உடம்பு. இங்க ஒருத்தரே இன்னொருத்தர் ஆயிட்டாரு" என்று சங்கரநாராயணரையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவாள். பக்கத்திலேயே சித்திரசபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிலைக்குப் பதில் சுவர் ஓவியமாகவே அவர் ஆடுகிற இடம். நாங்கள் மூலிகை வண்ணங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, பெரியவர்கள் தெப்பக்குளப் படியில் சாய்ந்துகொள்வார்கள்.

சாயங்காலத்துக்குள் ஐந்தருவியையும் பார்த்தாக வேண்டும். சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் நிற்கத் தோதானது புலியருவி. பழைய குற்றாலத்துக்கும் போக நேரம் கிடைத்தால் அன்றைக்கு யோகம்தான்.

எந்த அருவியிலும் குளிப்பதற்குக் காசு கிடையாது. தறி ஓட்டுகிறவரும் கார் வைத்திருக்கிறவரும் ஒரே தண்ணீருக்கு அடியில் தோளோடு தோள் நின்றார்கள். குற்றாலத்தில் நான் கண்ட ஆகப் பெரிய காட்சி அதுதான்.

அந்தத் தண்ணீருக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. எங்கள் காலத்து எண்ணெய்க் குளியல் அதோடு முடிந்தது, அது நல்லதுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே காவலர்கள் தடுத்தால் தகராறு செய்யாதீர்கள். வெளியே வரச் சொன்னால் உடனே வந்துவிடுங்கள். பழைய துணியையும் பிளாஸ்டிக் பையையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த ஆடிக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.