ஆரல்வாய்மொழிக் காற்று

மலைக் கணவாய் என்றதும் நேயர்கள் கொண்டை ஊசி வளைவுகளையும், மேகம் தவழும் சிகரங்களையும் மனத்தில் கற்பித்துக் கொள்வது இயல்பு. ஆரல்வாய்மொழியில் அந்தச் சிங்காரங்கள் ஒன்றும் கிடையா. மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனையை நெருங்குமுன் ஓரிடத்தில் சற்றே ஒதுங்கி வழி விடுகிறது. வடக்கே மகேந்திரகிரியைச் சேர்ந்த மலைகள். தெற்கே காற்றாடி மலை. இடையே ஏறக்குறைய சமதரை என்று சொல்லத்தக்க ஒரு சாலை. ஆனாலும் ஆனி, ஆடி மாதங்களில் அதைச் சைக்கிளில் தாண்டுவது மலையேறுவதற்குச் சிறிதும் இளைத்த காரியமன்று. ஏற வேண்டியிருப்பது காற்றின் மேல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காரியத்தில் நாம் இறங்கியதற்குக் காரணம் நமது நண்பர் ஒருவர். திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். நம்மைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊரில் நம்மோடு சைக்கிள் மிதிக்கும் ஒரே கிருகஸ்தர். அவருடைய ஒரே குமாரத்தி தன் மனத்துக்கு உகந்தவரை மணந்துகொண்டு நாகர்கோவிலில் குடித்தனம் செய்து வருகிறாள். மூன்று வருஷமாகத் தகப்பனாருக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தையில்லை. பேரன் பிறந்து வயது ஒன்று நிறையப் போகிறது. அவன் முகத்தையும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மாலை நண்பர் வந்து, "வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை நாகர்கோவில் வரைக்கும் சைக்கிளில் போவமா?" என்றார். நாம் திடுக்கிட்டோம். சுமார் 60 கிலோமீட்டர். அதுவும் ஆனி மாதம்.

"பஸ்ஸில் போகலாமே, அண்ணாச்சி?"

"பஸ்காரன் கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள இறக்கி விட்டிருவான். அவகிட்ட என்ன பேசணும்னு யோசிக்க வேண்டாமா?"

இதற்குப் பதில் சொல்ல நமது பல்கலைக் கழகப் பட்டம் உதவவில்லை.

விடியுமுன் புறப்பட்டோம். நண்பருடைய சைக்கிளின் பின்னால் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. தேரிச் செம்மண்ணும் பனைமரங்களும் பின்தங்கின. இராதாபுரம் தாண்டிக் காவல்கிணறு சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு டீ. அதுவரை காற்று எங்களைச் சீண்டிக் கொண்டுதான் இருந்தது. சாலை கணவாயை நோக்கித் திரும்பியதும் விளையாட்டு முடிந்தது.

பள்ளியில் பௌதிகம் போதிக்கிறவர்களாதலால் காற்றின் சூக்ஷ்மத்தைச் சற்றுச் சொல்லி விடுகிறோம். தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மலைச் சுவரில் மோதுகிறது. மகேந்திரகிரிப் பக்கம் சுவரின் உயரம் 1,600 மீட்டருக்கு மேல். தாண்ட மாட்டாத காற்று சந்து தேடி ஆரல்வாய்மொழியில் நுழைகிறது; நெருக்கப்படுவதால் வேகம் பெறுகிறது. வேகம் இரு மடங்கானால் நம் மார்பில் அது தரும் தள்ளு நான்கு மடங்காகும். காற்றாலையின் இறக்கைக்குக் கிட்டும் சக்தியோ எட்டு மடங்கு! முப்பந்தலைச் சுற்றிலும் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதன் ரகசியம் இதுவே. அவை நூற்றுக் கணக்கில் எங்கள் தலைக்கு மேல் உற்சாகமாகச் சுழன்றன. ஒருவருக்கு லாபமாயிருப்பது மற்றொருவருக்கு நஷ்டம்.

இந்தக் கணவாய் பெரிய படைகளையும் பார்த்தது. கும்பினியாரை எதிர்த்து எழுந்த வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் காத்து நின்ற அரண் இங்கேதான் இருந்தது. 1809 பிப்ரவரி 10ஆம் தேதி வெள்ளைக்காரச் சேனை தெற்குக் குன்றின் மேல் ஏறி அதைப் பிடித்தது. பிறகும் நெடுங்காலம் இது திருவிதாங்கூரின் வாசற்படியாகவே இருந்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி நாஞ்சில் நாடு தமிழகத்தோடு சேர்ந்தபோதுதான் எல்லை என்பது ஒழிந்தது. சர்க்கார் எடுத்துவிட்ட அந்த எல்லையை நமது நண்பர் மூன்று வருஷமாகத் தம் சொந்தச் செலவில் காத்து வந்தார் என்று மனத்துக்குள் நினைத்துக் கொண்டோம். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னாலும் அந்தக் காற்றில் கேட்டிராது.

எதிர்காற்றில் இருவர் போனால் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். முன்னே போகிறவர் காற்றை வாங்கிக் கொள்வார். பின்னே வருகிறவருக்குப் பாடு குறையும். முறை மாற்றிக் கொள்வதாகத்தான் ஏற்பாடு. நண்பர் நம்மை முன்னே விடவேயில்லை. அந்த அகன்ற முதுகும், நனைந்த சட்டையும், ஆடும் ஓலைப்பெட்டியுமே நாம் கண்ட கணவாய்க் காட்சி.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன் அவர் இறங்கிவிட்டார். லாரிக்காரர்கள் நிறுத்திச் சூடம் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். கும்பிட்டு வந்தவர் சைக்கிளில் ஏறாமல், வந்த வழியைப் பார்த்தபடி நின்றார்.

"திரும்பிருவமா, வாத்தியாரே? அவ கதவைத் திறக்கலைன்னா?"

திரும்புவது எவ்வளவு சுலபம் என்று இருவருக்கும் தெரியும். மிதிக்கவே வேண்டாம், காற்றே கொண்டுபோய்க் காவல்கிணற்றில் விட்டுவிடும். நாம் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணாச்சி, இனி நான் முன்னால போறேன். பின்னாலேயே வாங்க" என்று மட்டும் சொல்லி ஏறி மிதித்தோம். சிறிது தூரம் வரை திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு ஓலைப்பெட்டியின் கிறீச்சென்ற சப்தம் பின்னால் கேட்டது.

ஆரல்வாய்மொழி ஊரைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் உடைமரமும் செம்மண்ணும். அந்தப் பக்கம் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும். தோவாளையில் பூக்கடைகள். நண்பர் ஒரு பந்து பிச்சிப்பூ வாங்கினார். விலை பேசவில்லை. கருப்பட்டிக்குக் காலணா விட்டுக் கொடாத மனிதர்!

வீட்டைக் கண்டுபிடித்தபோது நடுப்பகல். கதவு திறந்துதானிருந்தது. அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். புழுதி படிந்து, காற்றில் கண் சிவந்து நின்ற தகப்பனாரைப் பார்த்தாள்; சைக்கிளையும் பார்த்தாள்.

"இந்தக் காத்திலயா சைக்கிள்ல வந்தீங்க? உங்களுக்கு என்ன வயசாச்சுன்னு நினைப்பு?"

வழியெல்லாம் யோசித்து வந்த பேச்சில் ஒரு வார்த்தையும் நண்பருக்கு நினைவு வரவில்லை. ஓலைப்பெட்டியை அவிழ்க்க ஆரம்பித்தார். கயிறு இறுகிக் கிடந்தது; அவர் கை நடுங்கியது. அவள் குழந்தையை நம்மிடம் நீட்டிவிட்டு, குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

நண்பர் நாலு நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினார். நாம் மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தபடியால் அன்றே தனியாகப் புறப்பட்டோம். முப்பந்தலில் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக் கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தோம்.