கம்பைலர் நம்மை நம்புகிறது

சி மொழியில் நிரல் எழுதப் பழகிய எவருக்கும் கம்பைலர் ஒரு கண்டிப்பான ஆசிரியராகத்தான் தோன்றும். ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் வரி எண்ணைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும். அப்படிப்பட்ட கம்பைலரே நம்மை முழுமையாக நம்பிவிடும் இடம் ஒன்று உண்டு. சி நிரலுக்குள் அசெம்பிளி வரிகளை எழுதும் இடம் அது. இவ்வாண்டு கற்றவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதியும் அதுவே.

1973இல் யூனிக்ஸ் சி மொழியில் திருத்தி எழுதப்பட்ட பின் அசெம்பிளியின் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடியோடு நீங்கிவிடவில்லை. செயலியின் வகையைக் கேட்டறியும் 'சி.பி.யு.ஐ.டி.' போன்ற கட்டளைகளுக்குச் சி மொழியில் சொல் கிடையாது. அவற்றை 'ஏ.எஸ்.எம்.' என்ற சொல்லுக்குப் பின் மேற்கோள் குறிக்குள் எழுதுகிறோம். ஜி.சி.சி. கம்பைலர் அந்த மேற்கோளுக்குள் இருப்பதற்குப் பொருள் காண்பதில்லை. %0, %1 என்று நாம் விட்ட இடங்களை நிரப்பி அசெம்பிளரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

மாறியின் பெயரையே நேராக எழுதலாகாதா என்று கேட்கலாம். சார்புக்குள் பிறந்த மாறிக்கு, கம்பைலர் வேலையை முடித்தபின் பெயர் இராது. ஒரு ரிஜிஸ்டரோ, ஸ்டாக்கில் ஓர் இடமோதான் இருக்கும். அது எது என்பதைக் கம்பைலரே அறியும். எனவே விடை எந்த மாறியில் வரும், எந்த மாறிகள் உள்ளே போகும், வேறு எவை அழியும் என்ற மூன்றையும் முக்காற்புள்ளியிட்டு நாம் வரிசையாக அறிவிக்க வேண்டும். விடை மாறிக்கு '=' குறி; படித்து, மாற்றியும் எழுதப்படும் மாறிக்கு '+' குறி.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் மாறியில் 7, இரண்டாவதில் 5. முதல் கட்டளை 7ஐ விடையில் இடுகிறது. அடுத்தது இரண்டாம் மாறியை அதனுடன் கூட்டுகிறது. 12 வரவேண்டும். ஆனால் உள்ளே போனவற்றையெல்லாம் படித்த பிறகே விடை எழுதப்படும் என்பது கம்பைலரின் எண்ணம். ஆகவே சிக்கனம் கருதி, விடைக்கும் இரண்டாம் மாறிக்கும் ஒரே ரிஜிஸ்டரைக் கொடுத்துவிடலாம். அப்போது முதல் கட்டளையிலேயே 5 அழிந்துவிடும். 7உடன் 7 சேர்ந்து 14 வரும்! முதல் மாறியின் ரிஜிஸ்டரைக் கொடுத்திருந்தாலோ 12 சரியாகவே வந்திருக்கும். பிழை இருந்தும் விடை சரியாக வரக்கூடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. '=' குறியுடன் '&' சேர்த்து, விடை முன்னதாகவே எழுதப்படும் என்று அறிவித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

'சி.பி.யு.ஐ.டி.' நான்கு ரிஜிஸ்டர்களை நிரப்பும். நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் அறிவித்தால், மற்ற மூன்றில் கம்பைலர் வைத்திருந்த வேறொரு மதிப்பு பாழாகலாம். வேகத்துக்காகச் செம்மைப்படுத்தாமல் தொகுக்கும்போது மாறிகள் பெரும்பாலும் நினைவகத்திலேயே இருப்பதால் குறை வெளியே தெரியாமல் போகலாம். செம்மைப்படுத்தித் தொகுத்ததும், தொடர்பில்லாத வேறொரு வரியில் அது தலைகாட்டும். சுட்டியின் வழியே நினைவகத்தை மாற்றினால் 'மெமரி' என்றும் எழுதவேண்டும். விடையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் கட்டளை நீக்கப்படலாகாது என்றால் 'வாலடைல்' என்று குறிக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வங்கிப் படிவமோ மனுவோ, நான் நிரப்பித் தந்தால் அப்பா அதில் கையொப்பமிடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னை நம்புகிறார். அதனால் என்ன கிடைக்கும் என்பதை மட்டுமன்றி, எது கையைவிட்டுப் போகும் என்பதையும் அவரிடம் சொல்வது என் கடமை. போவதைச் சொல்லாமல் விடுவது பொய் சொல்வதற்கு ஒப்பாகும் என்று நான் எண்ணுவதுண்டு. அந்தக் கடமையைத்தான் இந்தச் சிறிய வரிகளிலும் காண்கிறேன்.

நண்பர்களே, ஐயம் எழுந்தால் செயலியின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். அழியாத ரிஜிஸ்டரை அழியும் என்று எழுதினால் வேகம் சிறிது குறையலாம். அழிவதை எழுதாமல் விட்டாலோ விடையே கெடும்.