பரத்பூர்ப் பறவைகளும் நாமும்

டில்லிவாழ் தமிழருக்கு வெளியூர்ப் பயணம் என்றால் ஆக்ரா, மதுரா, ஹரித்துவாரம் ஆகிய மூன்றுமே முதலில் நினைவுக்கு வரும். ஊரிலிருந்து வரும் உறவினரைத் தாஜ்மகாலுக்கு அழைத்துச் சென்று, நாமும் ஐந்தாறு முறை அதைப் பார்த்தவர்கள் ஆகிறோம். அதே ஆக்ராவிலிருந்து மேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் பரத்பூர் இருக்கிறது. டில்லியிலிருந்து மதுரா வழியாகக் கோட்டா செல்லும் ரயில் பாதையில், சுமார் 180 கிலோமீட்டர் தொலைவு. ஆனால் அந்நிலையத்தில் இறங்குவோர் நம்மவரில் மிகச் சிலரே.

2014-ஆம் ஆண்டு டிசம்பரில் எட்டுக் குடும்பங்களாகச் சேர்ந்து அங்கே சென்றோம். புளியோதரையும் தயிர்சாதமும் வழக்கம்போல் எங்களுடன் வந்தன. பரத்பூரில் இறங்கியபோது பனி மூட்டம் இன்னும் விலகவில்லை. சரணாலயத்தின் வாயிலை அடைந்ததும், நம்முடைய காரோ பேருந்தோ உள்ளே திரிய முடியாது என்றும், நடந்தோ மிதிவண்டியிலோ ரிக்‌ஷாவிலோதான் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும் தெரிந்தது. எங்களுள் சிலருக்கு இது பெருங்குறையாகப்பட்டது. மாலையில் திரும்பும்போது அந்தக் குறை யாருக்கும் இருக்கவில்லை.

இவ்விடத்தின் பெயர் கேவலாதேவ் தேசியப் பூங்கா. நடுவே உள்ள சிவன் கோயிலால் வந்த பெயர். உள்ளூரார் ‘கனா’ என்றே சொல்கிறார்கள். அடர்ந்த காடு என்பது அதற்குப் பொருள். நம் மொழியில் கனா என்றால் கனவு. பனிக்குள் நின்று பார்த்தபோது அந்தப் பொருளும் பொருந்துவதாகவே தோன்றியது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே காணப்பட்டுள்ளன. 1985-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இத்தனை பெருமையுடைய இந்நீர்நிலை முழுவதும் இயற்கையின் ஆக்கம் அன்று. இயல்பாகவே பள்ளமான இப்பகுதியின் அருகே, 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் அஜான் அணைக்கரையைக் கட்டுவித்தார். பிற்கால மன்னர்கள் கால்வாய்களும் மதகுகளும் அமைத்து ஆண்டுதோறும் நீரைத் தேக்கினர். ஆகவே, மனிதன் நீர் விட்டால்தான் இங்கே பறவைக்கு வாழ்வு உண்டு.

எங்கள் ரிக்‌ஷாவை ஓட்டியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பறவைகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தடையின்றிச் சொன்னார். நம் ஊர்க் குளங்களில் கண்ட நீர்க்காகமும், பாம்புத்தாராவும், நத்தை குத்தி நாரையும் இங்கேயும் இருந்தன. கருவேல மரங்களின் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள் குஞ்சுகளுடன் கூடு நிறைந்திருந்தன. ஓர் இணை சாரசக் கொக்குகள் ஆளுயரம் நிமிர்ந்து நடந்தன. கரையோரத்தில் மலைப்பாம்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பெரியவர்களால்தான் தவறு நேர்ந்தது. ஒரு திருப்பத்தில் வரித்தலை வாத்துகள் நூற்றுக்கணக்கில் புல்வெளியில் அமர்ந்திருந்தன. அவை பறக்கும்போது படம் எடுத்தால் அழகாயிருக்கும் என்று எண்ணிச் சிறு கல் ஒன்றை எறிந்தவன் வேறு யாருமல்லன், இதை எழுதுபவனே. கூட்டம் முழுவதும் பேரிரைச்சலுடன் எழுந்து பறந்தது. படமும் நன்றாக வந்தது.

ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தினார். கோபிக்கவில்லை. “பாபுஜி, இவை இமயத்தைத் தாண்டி வந்தவை. இங்கே தின்று உடம்பில் கொழுப்புச் சேர்த்தால்தான், ஹோலிக்குப் பிறகு திரும்பப் பறக்க முடியும். எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. உங்களுக்கு அது ஒரு படம்; அவற்றுக்கு வழிச்செலவு” என்றார். சற்று நேரம் கழித்து, “இவை வராவிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள், நீங்கள் வராவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது” என்றும் சொன்னார்.

பிழைப்புக்காக வடக்கே வந்து, ஊர் போய்வர வழிச்செலவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் நமக்கு, இதனினும் தெளிவாக விளக்கம் சொல்ல முடியாது. நான் பதில் பேசவில்லை.

கோயிலை அடுத்து, வேட்டைக் கணக்கைப் பொறித்த கல்வெட்டுகள் நிற்கின்றன. எந்த நாளில், எந்தப் பிரபு வந்தார், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்னும் விவரம் அவற்றில் உண்டு. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. கல்வெட்டைப் படித்தபின், என் கையில் இருந்தது துப்பாக்கியன்று, கூழாங்கல்தான் என்று ஆறுதல் அடையப் பார்த்தேன், ஆறுதல் கிடைக்கவில்லை.

1956-இல் இவ்விடம் பறவைச் சரணாலயமாயிற்று. ஆயினும் 1972 வரை மன்னருக்கு வேட்டை உரிமை இருந்தது. 1982-இல் தேசியப் பூங்காவானதும் சட்டம் இறுகியது. தலைமுறை தலைமுறையாகச் சுற்றுக் கிராமத்தார் எருமை மேய்த்து வந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. மாற்று ஏற்பாடு இன்றி வந்த இத்தடையால் கலவரம் மூண்டது. போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர்.

பறவைகளுக்காவது இதனால் நன்மை விளைந்ததா? பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகள் இங்கே தங்கி ஆராய்ந்து, 1991-இல் அறிக்கை அளித்தனர். எருமைகள் தின்று மட்டுப்படுத்தி வந்த ஒருவகை நீர்ப்புல், தடைக்குப் பின் தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பை மூடிவிட்டது; வாத்துகள் நீந்தவும் மீன்கள் பெருகவும் இடம் குறைந்தது என்று அதனால் தெரியவந்தது. பகை என்று விரட்டப்பட்ட எருமை, பறவைக்குத் துணையாக இருந்திருக்கிறது. பின்னாளில், பரவிய சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றி விறகாக்கிக்கொள்ளக் கிராமத்தாரையே அழைக்க வேண்டியதாயிற்று.

வேலிக்கு உள்ளே மட்டும் காவல் இருந்தால் போதாது என்பதற்குச் சைபீரியக் கொக்கும் சான்று. 1960-களில் சுமார் 200 கொக்குகள் இங்கே குளிர்காலத்தைக் கழித்தன. நெடுவழியில் வேட்டையாலும் பிற இன்னல்களாலும் அவை தேய்ந்தன. 2002-க்குப் பின் ஒன்றுகூட இங்கே வரவில்லை.

இங்கே நம் வேடந்தாங்கலை நினையாமல் இருக்க முடியவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள அச்சிற்றூரார், ஏரியில் பறவைகளைச் சுடலாகாது என்று முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கலெக்டரிடம் பாதுகாப்புப் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரம். தீபாவளியன்றும் வெடி வெடிக்காமல் அவ்வூரார் காத்து வந்திருக்கிறார்கள். பரத்பூரில் மன்னர் காத்தது சுடுவதற்காக. சட்டம் காத்தது ஊராரை விலக்கி. வேடந்தாங்கலில் உழவர் காத்தது தம் விளைச்சலுக்காக. மூன்றனுள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது எது என்பதை நேயர்களே அறிவர். பக்கத்தில் வாழ்வோருக்குப் பயன் இருந்தால்தான் பறவைக்கு நிலையான காவல் உண்டு.

ஆகையால், இத்தகைய இடங்களுக்குச் செல்லும் நம்மிடமும் ஒரு பகுதிக் காவல் இருக்கிறது. உள்ளூர் ரிக்‌ஷாக்காரருக்கும் வழிகாட்டிக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுப்பது, பறவைக்குத் தீனி போடுவதைவிடப் பெரிய புண்ணியம். தீனி போடவே கூடாது என்பது வேறு செய்தி. காலை வேளையில், மங்கலான நிற உடையில் செல்வது நலம். தொலைநோக்கி ஒன்று எடுத்துச் சென்றால், அருகே போக வேண்டிய ஆவல் தானே அடங்கும். பாட்டுப் பெட்டி வேண்டா. இலையும் காகிதமும் நெகிழிப் பையும், சாதம் வந்த கூடையிலேயே திரும்பி வரட்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். எனினும் மழை பொய்த்த ஆண்டில் நீர் குறைந்திருக்கும் என்பதை விசாரித்துக்கொண்டு புறப்படுவது நன்று.

மாலையில் வாயிலில் இறங்கியபோது, பேசிய கூலிக்குமேல் சிறிது கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து, மிகுதியைத் திருப்பித் தர வந்தார். “வாத்துகளின் வழிச்செலவு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

நான் எடுத்த படத்தை வீட்டில் மாட்டவில்லை. வரித்தலை வாத்துகள் அமர்ந்திருக்கும் படம் ஒன்றை என் மகள் அடுத்த ஆண்டு சென்றபோது எடுத்து வந்தாள். அதுதான் எங்கள் கூடத்தில் இருக்கிறது.