சிறு விரல்களும் சதுரத் தாளும்

வெள்ளானூரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளோடு நெடுங்காலமாகக் காகிதமும் பனையோலையும் கொண்டு கைவேலை செய்து வந்ததில், செய்யும் பொருள் எத்தனை கோணலாக வந்தாலும் முதல் மடிப்பைக் குழந்தையின் கைதான் போடவேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

சதுரம் செய்வதையே எடுத்துக்கொள்வோம். நீண்ட தாளின் குறுகிய ஓரத்தைத் தூக்கி நீண்ட ஓரத்தின்மேல் படிய வைத்து, மடிப்பை அழுத்தி, மிஞ்சி நிற்கும் பட்டையைக் கிழித்துவிட்டுப் பிரித்தால், நாற்புறமும் ஒத்த சதுரம் கிடைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது நொடி வேலை. நான்கு வயதுக் குழந்தைக்கோ, ஒரு கை மூலையைப் பிடித்துக்கொண்டிருக்க மற்றொரு கை தேய்க்க வேண்டும் என்பதே பெரிய வித்தை; தேய்க்கிற கை நகரும்போது பிடித்த கையும் கூடவே நகர்ந்து, மூலை விலகி, மடிப்பு கோணிவிடும். அப்போது நம் கை தானாக முன்னே நீளும். அதை அடக்கிக்கொள்ளத்தான் மிகுந்த சிரத்தை வேண்டியிருக்கிறது. "மூலைய ஒரு விரலால அமுக்கிக்கோ கண்ணு, நடுவுலேருந்து ஓரத்துக்குத் தேய்" என்று சொல்வதோடு நான் நின்றுவிடுவேன். நடுவிலிருந்து தேய்த்தால் தாள் அதிகம் நழுவாது. பிரித்துப் பார்த்து, மூலைக்கு மூலை ஓடும் கோட்டின்மேல் விரலை ஓட்டுகிற குழந்தை, இருபுறத்து முக்கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைப் பிரத்தியட்சமாக அறிந்துகொள்கிறது. 'சரிபாதி' என்ற சொல் பின்னால் வந்தால் போதும்.

இந்த எளிய வேலைக்குள் எத்தனை க்ஷேத்திர கணிதம் அடங்கியிருக்கிறது என்பதை அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர் ஒருவரே உலகுக்கு எடுத்துக் காட்டினார். டி. சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் பிரசுரித்த காகித மடிப்புக் கணித நூலுக்கு, ஜெர்மானியரான பிரபெல் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறையின் காகித மடிப்பே தூண்டுகோல் என்று அவரே எழுதியிருக்கிறார். சதுரத்தில் தொடங்கி, ஒழுங்கான பலகோணங்கள் வழியாக வளைகோடுகள் வரை செல்லுகிற அந்நூலை பெலிக்ஸ் கிளைன் என்ற கணித மேதை தம் நூலொன்றில் குறிப்பிட, 1901-இல் அது சிகாகோவிலும் அச்சேறியது. மழலைகளின் விளையாட்டிலிருந்து கிளம்பிய நூல் இது என்பதை நம் பெற்றோர் அறிந்தால், தாள் மடிக்கும் குழந்தையைப் "போதும், போய்ப் படி" என்று எழுப்ப மாட்டார்கள்.

பனையோலை வேலையிலும் இதே முறைதான். ஓலைக் காற்றாடியில் முள் குத்துவது என் பொறுப்பு; ஓலையைக் கிழித்து நீளம் ஒத்துப் பார்ப்பது குழந்தையின் பொறுப்பு. ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அது கனத்துக் கீழே தொங்கி, காற்றாடி சுழலாது. காரணத்தை நான் சொல்வதில்லை. குழந்தையே இரண்டையும் நீட்டிப் பார்த்து, நீண்டதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மறுபடியும் முற்றத்தில் ஓடும்.

கத்தரித்து, துளையிட்டு, ஒட்ட வேண்டிய இடத்துக்கு எண்ணும் குறித்து விற்பனைக்கு வரும் கைவேலைப் பெட்டிகளில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தை தடுமாறிக் கற்க வேண்டிய இடங்களையெல்லாம் அவை முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. பாலர் பள்ளிகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலைகளையோ, பல வீடுகளில் இரவு கண்விழித்துத் தாய்மார்களே செய்து முடிக்கிறார்கள். மறுநாள் பாராட்டுப் பெறும் அந்த அழகிய பொருளில் குழந்தையின் கைபட்ட இடம் ஒன்றுகூட இராது. கோணலான காகிதக் கப்பலையும் சுவரில் ஒட்டி வையுங்கள் என்பதே ஆசிரியைகளுக்கு என் விண்ணப்பம். தாய்மார்களே, நேற்றைய நாளிதழில் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். பசைக்குச் சோற்றுப் பருக்கை போதும். மூலை விலகினால் திருத்த வேண்டாம், இன்னொரு பக்கத்தைக் கொடுங்கள்.